ஒன்பது ஜாடி க்ரீம் ஏன் கெட்டது? ஒரு குளிர்கால விடுமுறையின் நிகழ்வு ஆய்வு

க்ரீமை ஊற்றி வைத்த 12-ஆம் நாள் காலையில் அக்கா ஒரு போட்டோ அனுப்பினாள். ஜாடி மூடியின் உட்புறம், ஓரத்தில், மிளகு அளவுக்குச் சாம்பல் பச்சையில் ஒரு புள்ளி. கூடவே ஒரு வரி: "இது ரோஜா இதழா, வேற ஏதாவதா?" ரோஜா இதழ் நாங்கள் போடவே இல்லை. பன்னீர்தான் விட்டிருந்தோம்.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புள்ளிக்கு மயிர் முளைத்திருந்தது. பூஞ்சை.

அந்த விடுமுறையில் எங்கள் வீட்டில் செய்தவை: மூலிகை ஊறிய எண்ணெய் 3 பாட்டில், லிப் பாம் 24, சர்க்கரை ஸ்க்ரப் 2 டப்பா, கற்றாழை க்ரீம் 9 ஜாடி. க்ரீம் ஒன்பதில், தீர்ந்துபோன ஒன்றைத் தவிர, எல்லாம் குப்பைக்குப் போயின. எண்ணெயில் ஒரு பாட்டில் போனது. லிப் பாமில் பாதி மணல் மாதிரி நெறநெறத்தது. ஸ்க்ரப் அத்தானின் கையைச் சிவக்க வைத்தது. மீதி எல்லாம் அடுத்த பல மாதங்களுக்கு ஒரு குறையும் இல்லாமல் இருந்தன. அதே அடுப்படி, அதே கைகள், அதே எண்ணெய், அதே மெழுகு. ஒன்று கெட்டு இன்னொன்று ஏன் தப்பித்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

காரணத்தைத் தேடிப் பிடிக்க முடிந்தது அக்கா மகளால். 14 வயது. ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு யார் என்ன போட்டார்கள், எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று எல்லாவற்றையும் எழுதினாள். அப்போது அது எங்களுக்குத் தொல்லையாக இருந்தது. "சித்தி, கொஞ்சம்னா எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நோட்டில் இன்றும் இருக்கிறது: "லாவெண்டர் எண்ணெய் – கொஞ்சம் (சித்தி சொல்லவில்லை)."

பின்னணி

பதினொரு நாள் விடுமுறை. வீட்டில் ஆறு பேர்: நான், அம்மா, அக்கா, அத்தான், அவர்கள் பிள்ளைகள் இரண்டு பேர். வெளியே போக முடியாத குளிர். எல்லாருக்கும் உதடு வெடித்திருந்தது, கைகளில் வெள்ளைக் கோடு. கடை க்ரீம் வாங்கினால் முடிந்தது. ஆனால் பிள்ளைகளுக்கு ஒரு வேலையும் வேண்டும், ஊருக்குப் போகும்போது உறவுகளுக்குக் கொடுக்க ஒரு பொருளும் வேண்டும். கையால் செய்ததைக் கொடுத்தால் ஒரு மதிப்பு, பாருங்கள்.

குளிர்காலத்தில் தோல் வறள்வதற்குக் குளிர் மட்டும் காரணமில்லை. 0 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 5 கிராமுக்குச் சற்றுக் குறைவான நீராவியைத்தான் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம் வரை தாங்கும். வெளிக்காற்று உள்ளே வந்து ஹீட்டரில் சூடாகும்போது அதிலிருக்கும் ஈரம் கூடுவதில்லை, தாங்கும் அளவுதான் கூடுகிறது. அறையின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். அப்படிப்பட்ட காற்று கிடைத்த இடத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சும். கையும் உதடும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆகவே இந்தப் பருவத்தில் தோலுக்கு இரண்டு வேலை நடக்க வேண்டும்: கொஞ்சம் ஈரம் சேர வேண்டும், சேர்ந்தது ஓடாமல் மேலே ஒரு மூடி வேண்டும். எண்ணெயும் மெழுகும் மூடி. ஈரத்துக்குத் தண்ணீர். எங்கள் கதை முழுவதும் அந்தத் தண்ணீரைச் சுற்றியே ஓடுகிறது.

முதல் மூன்று நாள்: எண்ணெய்

எண்ணெயில் பூ ஊறப்போடுவதில் தொடங்கினோம். காலெண்டுலா பூவின் காய்ந்த இதழ் 60 கிராம், சூரியகாந்தி எண்ணெய் 600 மில்லி. குளிராக ஊற வைத்தால் 4 முதல் 6 வாரம் ஆகும். எங்களிடம் இருந்தது மொத்தமே பதினொரு நாள். அதனால் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, 50 டிகிரியைத் தாண்டாமல் 4 மணி நேரம் சூட்டில் வைத்தோம். எண்ணெய் தேன் நிறத்துக்கு வந்தது. வடிகட்டி மூன்று பாட்டிலில் ஊற்றினோம்.

இங்கே ஒரு சங்கதி சொல்லிவிட வேண்டும். காலெண்டுலாவும் மாலை கட்டும் துலுக்கச் சாமந்தியும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே பெயரில் விற்கும் இடங்கள் உண்டு, இதழைக் காயவைத்துவிட்டால் கண்ணுக்கும் வித்தியாசம் சரியாகத் தெரியாது. துலுக்கச் சாமந்தி எண்ணெய் பூசிய தோலில் வெயில் பட்டால் கொப்புளம் வரலாம். நறுமணத் தொழிலின் பாதுகாப்பு விதிகள் தோலில் தங்கும் பொருள்களில் அதற்கு 0.01 சதவீதம்தான் அனுமதிக்கின்றன. பொட்டலத்தில் தாவரப் பெயரைப் படித்து வாங்குங்கள்: காலெண்டுலா அஃபிசினாலிஸ். இன்னொன்று, இந்த இரண்டு பூக்களும், சீமைச்சாமந்தியும், ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்துப் பூக்கள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்த எண்ணெய் வேண்டாம்.

மூன்று பாட்டிலையும் ஜன்னலோரம் வைத்துவிட்டு எங்கள் வேலையைப் பார்த்தோம். அக்காவின் சின்னவனுக்கு (9 வயது) அந்த மஞ்சள் எண்ணெய் வெறுமையாகத் தெரிந்திருக்கிறது. தொட்டியிலிருந்து பச்சை ரோஸ்மேரி இரண்டு கொத்து கிள்ளி, கழுவி, மூன்றாவது பாட்டிலுக்குள் செருகிவிட்டான். பார்க்க நிஜமாகவே அழகாக இருந்தது. நான்கூடப் பாராட்டினேன். நோட்டில் அதுவும் ஏறியது: "பாட்டில் 3 – தம்பி, ரோஸ்மேரி, பச்சை, கழுவியது."

நான்காம் நாள்: லிப் பாம்

தேன்மெழுகு 24 கிராம், ஷியா வெண்ணெய் (ஷியா மரத்துக் கொட்டையின் கொழுப்பு) 36 கிராம், காலெண்டுலா எண்ணெய் 60 கிராம். மொத்தம் 120 கிராம், 5 கிராம் குழாயில் 24 வரும். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும். அது முழுக்க உருகித் தெளிந்த பிறகு அடுப்பை அணைத்து, ஷியாவைப் போட்டுக் கிளறி, கடைசியில் எண்ணெய். தேன்மெழுகு வேண்டாம் என்பவர்கள் கேண்டலில்லா என்ற செடி மெழுகு போடலாம்; அது இன்னும் கெட்டி, தேன்மெழுகில் பாதி அளவே போதும்.

பெரியவளுக்கு இளஞ்சிவப்பு நிறம் வேண்டும். பீட்ரூட் பொடி போட்டுப் பார்த்தாள். பீட்ரூட்டின் சாயம் தண்ணீரில் கரைவது, எண்ணெயில் சுத்தமாகக் கரையாது. பொடி அப்படியே அடியில் உட்கார்ந்து, தடவினால் உதட்டில் செங்கல் தூள் ஒட்டியது போல இருந்தது. அந்தச் சோதனை ஒரே குழாயோடு முடிந்ததில் எனக்கு நிம்மதி. எண்ணெயில் நிறம் இறங்க வேண்டுமானால் அல்கானட் வேர் நல்லது. அதை எண்ணெயில் ஊறப்போட்டால் அடர்சிவப்பு தானாக இறங்கும்.

ஊற்றி முடித்ததும் குழாய்களை அடுப்பு மேடையில் வரிசையாக நிறுத்தினோம். மெல்ல ஆறினால் நன்றாக உறையும் என்பது என் நினைப்பு. சின்னவனுக்குப் பத்து நிமிடம் பொறுக்கவில்லை. 10 குழாயை எடுத்துக்கொண்டு போய் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டான். திட்டு வாங்கினான். ஐந்து நாள் கழித்துப் பார்த்தால், ஃப்ரிட்ஜுக்குப் போன 10 வழவழவென்று இருந்தன. மேடையில் மெல்ல ஆறிய 14-இல் விரல் வைத்தால் ரவை மாதிரி மணி மணியாகத் தட்டியது.

இது கெட்டுப்போனதல்ல. ஷியா வெண்ணெயில் பல வகைக் கொழுப்புகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் வெவ்வேறு சூட்டில் உறையும். மெல்ல ஆறினால் உயர்ந்த சூட்டில் உறையும் பகுதி முந்திக்கொண்டு தனித்தனிப் படிகமாகத் திரளும். வேகமாக ஆறினால் அதற்கு நேரம் கிடைக்காது, எல்லாம் கலந்தபடியே இறுகும். 14 குழாயையும் மறுபடி உருக்கி, ஊற்றிய கையோடு ஃப்ரீசரில் 15 நிமிடம் வைத்தோம். சரியாகிவிட்டது. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பெரிய மனது பண்ணி ஏற்றுக்கொண்டான்.

ஐந்தாம் நாள்: க்ரீம்

இதைத்தான் விரிவாகப் பார்க்க வேண்டும். நோட்டில் உள்ளபடி: காலெண்டுலா எண்ணெய் 120 கிராம், ஷியா 40, தேன்மெழுகு 40, பன்னீர் 120, புதிதாகச் சீவிய சோற்றுக்கற்றாழை 120, வைட்டமின் ஈ எண்ணெய் 10, லாவெண்டர் "கொஞ்சம்". மொத்தம் 450 கிராம், 50 கிராம் ஜாடியில் 9.

கற்றாழை மடலைச் சீவியது அம்மா. மடலை வெட்டியதும் தலைகீழாக நிறுத்தி, தோலுக்கு அடியிலிருந்து ஒழுகும் மஞ்சள் பாலை வடிய விட்டாள். அது தோலை அரிக்கும் என்று அவளுக்குத் தெரியும். உள்ளே இருந்த கண்ணாடி போன்ற சோற்றை வழித்து மிக்ஸியில் ஒரு சுற்று. மெழுகும் எண்ணெயும் உருகிய பாத்திரத்தில் நான் பன்னீரையும் கற்றாழையையும் மெல்ல ஊற்ற, அக்கா கைப் பிளெண்டரால் அடித்தாள். மூன்று நிமிடத்தில் மஞ்சள் எண்ணெய் வெளுத்து, கெட்டியாகி, வெண்ணெய் போலத் திரண்டது. அந்த ஒரு கணத்துக்காகவே இந்த வேலையைச் செய்யலாம். எல்லாரும் கை நீட்டி வாங்கிப் பூசிக்கொண்டோம். ஜில்லென்று உள்ளே இறங்கியது.

ஜாடிகளைக் கழுவி, துண்டால் துடைத்து, க்ரீம் வெதுவெதுப்பாக இருக்கும்போதே நிரப்பி, உடனே மூடினோம். அடுத்த நாள் பார்த்தபோது மூடிக்கு அடியில் முத்து முத்தாக நீர். "வியர்த்திருக்கு" என்றாள் அக்கா. துடைத்து மூடிவிட்டோம். இந்த வரியைப் பிறகு நோட்டில் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

ஸ்க்ரப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சர்க்கரை 200 கிராம், எண்ணெய் 100, குளிர்கால வாசனைக்கு இலவங்கப்பட்டை எண்ணெய் 15 சொட்டு. சொட்டு என்பது ஓர் அளவே அல்ல; துளிக்குழாயின் வாயைப் பொறுத்து ஒரு மில்லிக்கு 20 சொட்டும் வரும், 30 சொட்டும் வரும். எங்கள் 15 சொட்டு ஏறத்தாழ 0.2 சதவீதம். பட்டை எண்ணெயின் பெரும்பகுதி சின்னமால்டிஹைடு, அலர்ஜியை எளிதாக உண்டாக்குவது. தோலில் படும் பொருளில் பட்டை எண்ணெய் 0.1 சதவீதத்துக்கும் கீழேதான் இருக்க வேண்டும். நாங்கள் அதைக் கடைசியில் சர்க்கரை மேல் சொட்டிவிட்டு அரைகுறையாகக் கிளறியதால், அத்தான் எடுத்த பிடியில் அதிகம் சேர்ந்திருக்கும். இரண்டு மணி நேரம் முழங்கை வரை எரிந்தது. எண்ணெயாலேயே துடைத்தெடுத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவினோம். தண்ணீரை மட்டும் ஊற்றினால் அது போகாது.

என்ன நடந்தது, எப்போது

12-ஆம் நாள் அக்காவின் ஜாடியில் புள்ளி. அதே வாரத்தில் இன்னும் இரண்டு ஜாடியில். மூன்றும் குளியலறையில் இருந்தவை. ஃப்ரிட்ஜில் இருந்த ஜாடிகளில் புள்ளி இல்லை. ஆனால் 23-ஆம் நாள் ஒன்றைத் திறந்தபோது பன்னீர் வாடை போய் ஈரத்துணி வாடை வந்திருந்தது, அடியில் ஒரு ஸ்பூன் அளவு தண்ணீர் பிரிந்து நின்றது. பாட்டில் 3-இல் ரோஸ்மேரிக் கொத்தைச் சுற்றி எண்ணெய் கலங்கி, காம்பில் குமிழிகள் ஒட்டியிருந்தன. பாட்டில் 1, 2 தெளிவு.

எல்லாருக்கும் போன் போட்டு க்ரீமைக் கொட்டச் சொன்னோம். அந்த வெட்கம் தனிக்கதை. அத்தை மட்டும், "நான் அப்பவே தீர்த்துட்டேனே, நல்லாத்தானே இருந்துச்சு" என்றாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பூஞ்சையாவது கண்ணில் படும். பாக்டீரியா ஒரு கிராமில் லட்சக்கணக்கில் பெருகியிருந்தாலும் க்ரீம் பார்க்க வெள்ளையாகவே இருக்கும். சூடோமோனாஸ் போன்றவை கண்ணில் பட்டாலோ, வெடித்த தோல் வழியே போனாலோ நல்லதல்ல. அதனால்தான் நன்றாகத் தெரிந்த ஜாடிகளையும் கொட்டச் சொன்னோம்.

தேடல்

முதல் சந்தேகம் ஜாடிகள் மேல். துண்டால் துடைத்தோமே, அதில் கிருமி இருந்திருக்கும். இருந்திருக்கலாம். ஆனால் லிப் பாம் குழாய்களையும் அதே துண்டால்தான் துடைத்தோம்.

இரண்டாவது சந்தேகம் எண்ணெய் மேல். பூவில் ஏதோ இருந்திருக்கும் என்றாள் அக்கா. லிப் பாமில் பாதி எடை அதே எண்ணெய்தான்.

நோட்டை வைத்துக்கொண்டு இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாள் பெரியவள். எண்ணெய் இரண்டிலும் உண்டு. ஷியா உண்டு. தேன்மெழுகு உண்டு. க்ரீமில் மட்டும் இருப்பது: பன்னீர், கற்றாழை, வைட்டமின் ஈ, லாவெண்டர். பிறகு கெட்டுப்போன பாட்டில் 3-க்கும் கெடாத பாட்டில் 1-க்கும் என்ன வித்தியாசம்? கழுவிய பச்சை ரோஸ்மேரி. அவளே சொன்னாள்: "தண்ணி சித்தி. கெட்ட எல்லாத்துலயும் தண்ணி இருக்கு."

அவ்வளவுதான் விஷயம். பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் வளரத் தண்ணீர் வேண்டும், அதுவும் எதனோடும் கட்டுண்டு கிடக்காத தண்ணீர். வெறும் எண்ணெயும் மெழுகும் சேர்ந்த பொருளில் கிருமி விழுந்தாலும் பெருக வழியில்லை. அழுக்குத் துண்டு இரண்டிலும் பட்டது. ஒன்றில் மட்டும் பயிர் விளைந்தது, ஏனென்றால் அங்கே நீர் பாய்ந்திருந்தது. கற்றாழைச் சோற்றில் ஏறக்குறைய 99 சதவீதம் தண்ணீர். மீதி ஒரு சதவீதத்தில் பெரும்பாலும் சர்க்கரைச் சத்து, கிருமிகளுக்கு விருந்து. பன்னீரும் தண்ணீர்தான். எங்கள் க்ரீமில் பாதிக்கு மேல் அது. சர்க்கரை ஸ்க்ரப் தப்பித்ததும் இதே கணக்கில்தான். ஆனால் ஈரக்கையை விட்டு அள்ளினால் அதுவும் தப்பாது. உலர்ந்த ஸ்பூன் வேண்டும்.

எங்களுக்கு விளங்காமல் இருந்தது வைட்டமின் ஈ. 10 கிராம் போட்டிருந்தோமே? இணையத்தில் எல்லாரும் "கெடாமல் இருக்க" என்றுதானே சொல்கிறார்கள்? கெடுவது என்பதில் இரண்டு வகை இருக்கிறது, அங்கேதான் குழப்பம். எண்ணெய் காற்றோடு சேர்ந்து சிக்கு வாடை வீசுவது ஒன்று. அதை வைட்டமின் ஈ தள்ளிப்போடும், அதற்கு அரை சதவீதமே தாராளம். கிருமி வளர்வது இன்னொன்று; அதை வைட்டமின் ஈ ஒன்றும் செய்யாது. ரோஸ்மேரிச் சாறும் அப்படியே. திராட்சைப்பழ விதைச் சாறு கிருமியைக் கொல்லும் என்று விற்கிறார்களே, அதைச் சோதித்த ஆய்வுகளில் கிருமியைக் கொன்றது அதில் கலந்திருந்த செயற்கைப் பதப்பொருள்தான் (கிருமி வளராமல் தடுக்கும் பொருள், பிரிசர்வேட்டிவ்) என்று தெரிந்தது.

அப்புறம் அந்த வியர்வை. அதற்கு இரண்டு காரணம். சூடான க்ரீமை மூடியதால் நீராவி மூடியில் படிந்து சொட்டியது, அதனால் மேற்பரப்பில் வெறும் தண்ணீர்க் குட்டைகள். பூஞ்சை மூடியோரத்தில் முதலில் வந்தது அதனால்தான். இன்னொன்று, தேன்மெழுகு எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்கும் பொருளே அல்ல. பிளெண்டர் வேகத்தில் தண்ணீர் துளித்துளியாகி, மெழுகின் கெட்டித்தன்மையில் சிக்கிக் கிடந்தது, அவ்வளவே. நாள் போகப் போகக் கசிந்து அடியில் இறங்கியது.

தேன்மெழுகு, ஆலிவ் எண்ணெய், பன்னீர் என்ற இந்தச் சேர்க்கை பழையது. 2-ஆம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் கேலன் பெயரால் வழங்குவது. பூசினால் தண்ணீர் ஆவியாகிக் குளிர்ந்ததால்தான் 'கோல்ட் க்ரீம்' என்ற பெயரே வந்தது. எங்கள் கையில் ஜில்லென்று இறங்கியதும் அதுதான். பின்னாளில் தேன்மெழுகோடு வெங்காரம் சேர்த்தார்கள். மெழுகிலிருக்கும் அமிலத்தோடு அது சேர்ந்து ஒரு சோப்பு ஆகும், அந்தச் சோப்புதான் இரண்டையும் பிடித்து வைக்கும். வெங்காரத்துக்கு இப்போது பல இடங்களில் கட்டுப்பாடு இருக்கிறது, வீட்டில் அதைத் தொட வேண்டியதில்லை.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அம்மா அசரவில்லை. "நான் சீவும்போதே சொன்னேனே, சீவினதை அன்னிக்கே தேய்ச்சுத் தீர்த்துடணும்னு." சொன்னாள்தான். நோட்டிலும் இருக்கிறது. கற்றாழையைச் சீவி உடனே பூசினால் பதப்பொருள் எதற்கு? பிரச்சினை கற்றாழையில் இல்லை, அதை ஜாடியில் அடைத்து மூன்று மாதம் இருக்கச் சொன்னதில்.

இரண்டாவது முறை

ஒரு மாதம் கழித்து, ஒரு வார இறுதியில் 300 கிராம் மட்டும் செய்தோம். இம்முறை எல்லாம் சதவீதத்தில், எல்லாம் தராசில்: காய்ச்சி வடித்த நீர் 63, காலெண்டுலா எண்ணெய் 18, எமல்சிஃபையிங் மெழுகு (எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிப்பது) 6, ஷியா 5, கிளிசரின் 4, செட்டில் ஆல்கஹால் 2, பதப்பொருள் 1, வைட்டமின் ஈ 0.5, லாவெண்டர் 0.5. செட்டில் ஆல்கஹால் பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்; அது மெழுகு போன்ற வெள்ளைச் சீவல், க்ரீமுக்குக் கனம் கொடுக்கும்.

நீர்ப் பகுதியையும் எண்ணெய்ப் பகுதியையும் தனித்தனியாக 70 டிகிரிக்கு மேல் 20 நிமிடம் வைத்தோம். இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால்தான் மெழுகு பாதியில் உறையாமல் கலக்கும். ஆவியான நீரைத் தராசில் பார்த்து ஈடுசெய்தோம். கலந்து அடித்து, 40 டிகிரிக்குக் கீழே வந்த பிறகே பதப்பொருளும் லாவெண்டரும். ஜாடிகளை ஆல்கஹால் தெளித்துத் தானாக உலர விட்டோம், துண்டு கிட்டேயே வரவில்லை. முழுக்க ஆறிய பிறகு மூடினோம். புளிப்பு அளவைக் காட்டும் பிஎச் பட்டை 6-க்குச் சற்றுக் கீழே காட்டியது. முழங்கையின் உட்புறம் ஓரிடத்தில் தினம் இரண்டு வேளை, 7 நாள் பூசிப் பார்த்த பிறகே மற்றவர்களுக்குக் கொடுத்தோம்.

பதப்பொருளும் வைட்டமின் ஈ-யும் சேர்ப்பதற்கு முன்பே கொஞ்சம் க்ரீமை எடுத்து மூன்று சின்னக் கிண்ணத்தில் வைத்திருந்தோம். ஒன்றில் எதுவும் சேர்க்கவில்லை, ஒன்றில் வைட்டமின் ஈ மட்டும், ஒன்றில் பதப்பொருள். மூன்றையும் பெரியவள் தினம் ஒருமுறை விரலால் தொட்டுவிட்டுக் குளியலறையில் வைத்தாள். முதலாவதில் 9-ஆம் நாள் புள்ளி. இரண்டாவதில் 10-ஆம் நாள். மூன்றாவது 60 நாள் வரை அப்படியே இருந்தது, அப்புறம் கொட்டிவிட்டோம். இது வீட்டுச் சோதனை, இதை வைத்து விற்பனைக்குக் கிளம்ப முடியாது. ஆய்வகத்தில் இரண்டு பாக்டீரியாவோ ஒரு பூஞ்சையோ அல்ல, ஸ்டஃபிலோகாக்கஸ், ஈ. கோலி, சூடோமோனாஸ், கேண்டிடா, ஆஸ்பெர்ஜில்லஸ் என்று ஐந்து கிருமிகளை வேண்டுமென்றே க்ரீமில் விட்டு, 28 நாள் எண்ணிப் பார்ப்பார்கள்.

பதப்பொருள் போட்டதில் வீட்டில் சண்டை வந்தது. நாங்கள் எடுத்தது ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற செயற்கைப் பொருள் கலந்தது. "அப்போ இது எப்படி இயற்கை க்ரீம்?" என்றாள் அக்கா. நியாயமான கேள்விதான். இன்னொரு வழியும் உண்டு: சோடியம் பென்சோயேட்டும் பொட்டாசியம் சார்பேட்டும். பென்சோயிக் அமிலம் முதலில் கிடைத்தது சாம்பிராணி வகைப் பிசினைச் சுட்டு எடுத்ததில். சார்பிக் அமிலத்தை 1859-இல் ஹோஃப்மன் என்ற வேதியியலாளர் ரோவன் மரத்துப் பழங்களிலிருந்து எடுத்தார். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் இன்று டப்பாவில் வருவது ஆலையில் செய்ததுதான். தவிர க்ரீமின் புளிப்பு பிஎச் 5-ஐ ஒட்டி இருந்தால்தான் அவை வேலை செய்யும், அதற்கு மேல் போனால் போட்டும் போடாத கதை. என் முடிவு: தண்ணீர் சேர்த்தால் பதப்பொருள் உண்டு, பதப்பொருள் பிடிக்கவில்லையென்றால் தண்ணீர் இல்லை. நடுவில் இருந்ததுதான் எங்கள் ஒன்பது ஜாடி.

அக்கா இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. அவள் வீட்டில் இப்போது லிப் பாமும் எண்ணெயும் மட்டும்.

நோட்டில் பெரியவள் புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறாள்: "தண்ணீர் உண்டா?" உண்டு என்றால் அதே வரியில் பதப்பொருளின் பெயரும் எடையும் எழுதியாக வேண்டும், இல்லையென்றால் அடுத்த வரிக்குப் போக விடமாட்டாள். காய்ந்த இதழா என்பதற்கும் ஒரு சோதனை வைத்திருக்கிறாள்: விரலில் நசுக்கினால் மடங்கக் கூடாது, நொறுங்க வேண்டும்.

இந்த வருடம் விடுமுறைக்கு முன்பே அத்தை போன் செய்தாள். "ஏம்மா, அந்தப் பழைய க்ரீம்தான் எனக்குப் பிடிச்சிருந்துச்சு, புதுசு பிசுபிசுக்குது. அதே மாதிரி ஒண்ணு பண்ணிக் குடு." முடியாது என்று எப்படிச் சொல்வது? தேன்மெழுகு, ஷியா, காலெண்டுலா எண்ணெய் மட்டும் சேர்த்து, லிப் பாமைவிடக் கொஞ்சம் இளக்கமாக ஒரு ஜாடி செய்தோம். தண்ணீர் ஒரு சொட்டுக்கூட இல்லை. மேலே சீட்டு ஒட்டி, தேதிக்குக் கீழே பெரியவள் எழுதினாள்: "குளிச்சு முடிச்சதும், துடைக்கறதுக்கு முன்னாடி, ஈரக் கையிலயே பூசணும். ஜாடிக்குள்ள மட்டும் ஈரக் கையை விடாதீங்க பாட்டி."